குவாண்டம் கணினிக்கு எதிராளி யார்? எட்வர்ட் ஃபார்ஹியின் கால் நூற்றாண்டுத் தேடல்

டெலிவரி வேன் ஒன்று, புறப்படும் இடத்தையும் சேர்த்து 20 இடங்களைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் மிகக் குறையும்? சாத்தியமான சுற்றுவழிகள் சுமார் 608 கோடி கோடி. குவாண்டம் கணினி பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த மாதிரி ஓர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்தும். பிறகு, ‘சாதாரணக் கணினியால் இதைச் செய்யவே முடியாது, குவாண்டம் கணினி எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும்’ என்று முடிக்கும். இதில் இரண்டு பாதியுமே தவறு.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டிலேயே 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு சுற்றுவழிக் கணக்குக்கு மிகக் குறுகிய பாதை கண்டுபிடிக்கப்பட்டது. அதைவிடக் குறுகியது கிடையாது என்ற நிரூபணமும் கூடவே வந்தது. அந்தப் புள்ளிகள் பெல் ஆய்வகத்தின் சிப் ஒன்றில் இருந்து எடுக்கப்பட்டவை. செய்தது கான்கார்ட் என்ற மென்பொருள், ஓடியது சாதாரணக் கணினிகளில். எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் வேலையை யாரும் செய்வதில்லை. இந்த வழிகளில் நல்லது இருக்க வாய்ப்பே இல்லை என்று கூட்டம் கூட்டமாகக் கழித்துக்கட்டும் கணிதம்தான் வேலையை முடிக்கிறது.

இரண்டாவது பாதி இன்னும் மோசம். குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகளான க்யூபிட்டுகளை எல்லா விடைகளும் கலந்த ஒரு நிலையில் வைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அளந்து பார்க்கும்போது ஒரே ஒரு விடைதான் கையில் கிடைக்கும், அதுவும் குருட்டாம்போக்கில். நல்ல விடை கிடைக்கும் வாய்ப்பை முன்கூட்டியே பெருக்கி வைத்திருக்க வேண்டும். லவ் க்ரோவர் 1996-இல் அதற்கு ஒரு வழி கொடுத்தார்: N விடைகளில் ஒன்றைத் தேட, N-இன் வர்க்கமூலம் அளவுக்கான படிகள் போதும். நம் வேன் கணக்கில் 608 கோடி கோடி என்பது 25 கோடிப் படிகளாகக் குறையும். பெரிய லாபம்தான். ஆனால் கணக்கின் உள்ளமைப்பைப் பற்றி எதுவும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு தேடினால் இதற்கு மேல் குவாண்டத்தாலும் முடியாது என்று பென்னட், பெர்ன்ஸ்டைன், பிராசார்ட், வாசிரானி ஆகிய நால்வர் 1997-இல் நிரூபித்துவிட்டார்கள்.

ஆக, ஆப்டிமைசேஷனில், அதாவது இப்படி மிகச் சிறந்த விடையைத் தேடும் கணக்குகளில், குவாண்டம் கணினியால் பெரிதாக எதையாவது சாதிக்க வேண்டுமென்றால், கணக்கின் உள்ளமைப்பை அது பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எப்படி? கால் நூற்றாண்டாக இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் எட்வர்ட் ஃபார்ஹி. இந்தத் துறையில் இன்று புழங்கும் இரண்டு முக்கியமான உத்திகளுமே அவர் குழுவோடு தொடர்புடையவை. அந்த உத்திகள் எங்கே தோற்கும் என்று காட்டிய ஆய்வுகளில் முக்கியமான சிலவும் அவருடையவையே.

துகள் இயற்பியலில் இருந்து வந்த மூவர்

ஃபார்ஹி கணினித் துறைக்காரர் அல்ல. துகள் இயற்பியலாளராகத் தொடங்கி, 1982-இல் எம்ஐடியில் ஆசிரியரானார். பிரபஞ்சவியலாளர் ஆலன் கூத்தோடு சேர்ந்து ‘ஆய்வகத்தில் ஒரு பிரபஞ்சத்தை உருவாக்க முடியுமா’ என்றுகூட 1980-களில் கட்டுரை எழுதியவர் (பெரிய தடை இருக்கிறது என்பது அவர்கள் கண்ட பதில்). 2004 முதல் 2016 வரை எம்ஐடியின் கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்கு இயக்குநர். அப்புறம் கூகுளின் குவாண்டம் குழுவுக்குப் போனார்.

அவருடைய நெடுநாள் கூட்டாளிகள் இருவர். ஒருவர் ஜெஃப்ரி கோல்ட்ஸ்டோன். இயற்பியல் படித்தவர்களுக்கு ‘கோல்ட்ஸ்டோன் போஸான்’ என்ற பெயர் தெரிந்திருக்கும், அதே கோல்ட்ஸ்டோன்தான். இன்னொருவர் சாம் குட்மன், கணிதவியலாளர். 1998-இல் ஃபார்ஹியும் குட்மனும் க்ரோவரின் தேடலை வேறு கோணத்தில் எழுதிக் காட்டினார்கள். படிப்படியாக ஓடும் நிரலாக அதைப் பார்க்காமல், காலப்போக்கில் தானாக மாறிக்கொண்டே போகும் ஓர் இயற்பியல் அமைப்பாகப் பார்த்தார்கள். கணினித் துறையில் வளர்ந்தவருக்கு இப்படித் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

2000-இல் அந்தப் பார்வை ஓர் அல்காரிதமாக, அதாவது கணக்கைத் தீர்க்கும் செய்முறையாக, உருவெடுத்தது. கணினிக் கோட்பாட்டாளர் மைக்கேல் சிப்ஸரும் சேர்ந்துகொள்ள, நால்வர் பெயரில் ‘அடியபாடிக்’ குவாண்டம் அல்காரிதம் வந்தது. கருத்து எளிமையானது. ஆப்டிமைசேஷன் கணக்கின் செலவை ஆற்றலாக மாற்றி எழுதிக்கொள். மிகக் குறைந்த ஆற்றல் நிலை எதுவோ, அதுதான் விடை. அந்த நிலைக்கு நேரடியாகப் போவது கடினம். எனவே குறைந்த ஆற்றல் நிலை நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் எளிய அமைப்பில் தொடங்கு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் கணக்கின் அமைப்பாக மாற்று. போதுமான அளவு மெதுவாக மாற்றினால், அமைப்பு கடைசிவரை குறைந்த ஆற்றல் நிலையிலேயே இருக்கும் என்று 1928-இல் இயற்பியலாளர்கள் பார்னும் ஃபாக்கும் நிறுவியிருக்கிறார்கள். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் போன்றது. நிதானமாக நடந்தால் தளும்பாது.

எவ்வளவு மெதுவாக என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கும் அதற்கு அடுத்த நிலைக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. பயணத்தின் நடுவே அந்த இடைவெளி எந்த அளவுக்குச் சுருங்குகிறதோ, அந்த அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும். தேவையான நேரம், பொதுவாக, இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். இடைவெளி பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நேரம் நூறு மடங்கு. கணக்கு பெரிதாகப் பெரிதாக இடைவெளி அடுக்குக்குறி வேகத்தில் (ஒவ்வொரு படியிலும் மடங்கு மடங்காக) சுருங்கினால், நேரம் அதே வேகத்தில் வீங்கும். அப்படி நடந்தால் எல்லா விடைகளையும் எண்ணிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

2001 ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழில் குழுவின் சோதனை முடிவுகள் வந்தன. எடுத்துக்கொண்ட கணக்கு ‘எக்ஸாக்ட் கவர்’. ஒரு பிட் என்பது 0 அல்லது 1; பல மூன்று-பிட் கூட்டங்கள் கொடுக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு கூட்டத்திலும் சரியாக ஒரு பிட் மட்டும் 1 ஆக இருக்கும்படி விடை கண்டுபிடிக்க வேண்டும். குவாண்டம் கணினி கையில் இல்லாததால் சாதாரணக் கணினியிலேயே போலச்செய்து பார்த்தார்கள். 20 பிட் வரை, தேவையான நேரம் நிதானமாகத்தான் ஏறியது. கிட்டத்தட்ட பிட் எண்ணிக்கையின் வர்க்கம் அளவுக்கு. பெரிய குவாண்டம் கணினி வந்தால், கடினமான கணக்குகளில் சாதாரணக் கணினியை இது முந்தக்கூடும் என்று எழுதினார்கள்.

20 பிட் என்றால் மொத்தம் 10,48,576 விடைகள். மடிக்கணினி ஒன்று கண் மூடித் திறப்பதற்குள் அத்தனையையும் பார்த்துவிடும். சிறிய அளவில் நேராகப் போகும் கோடு பெரிய அளவிலும் அப்படியே போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இடைவெளி அடுக்குக்குறியில் சுருங்கும் கணக்குகளை வான் டாம், மோஸ்கா, வாசிரானி அதே 2001-இல் கட்டிக் காட்டினார்கள். ஆனால் அவை வேண்டுமென்றே வில்லங்கமாகக் கட்டப்பட்டவை, சாதாரணமாக எதிர்ப்படும் கணக்குகளில் நிலைமை வேறாக இருக்கலாமே என்ற நம்பிக்கை மிச்சமிருந்தது. 2010-இல் ஆல்ட்ஷூலர், க்ரோவி, ரோலான் மூவரும், ஏதேச்சையாக எடுத்த கணக்குகளிலும் இதே சிக்கல் வரும் என்று வாதிட்டார்கள். 2012-இல் வந்த விரிவான கணக்கீடு இரண்டு வகைக் கணக்குகளை எடுத்துக்கொண்டு, இந்த எளிய அடியபாடிக் முறையால் இரண்டையுமே வேகமாகத் தீர்க்க முடியாது என்ற முடிவுக்கு வந்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் எட்வர்ட் ஃபார்ஹி.

இதே காலத்தில் கனடாவின் டி-வேவ் நிறுவனம் சந்தைக்கு இயந்திரங்களைக் கொண்டுவந்தது. அவற்றுக்கு அடிப்படை குவாண்டம் அனீலிங் என்ற நெருங்கிய உறவுக்கார உத்தி; கடோவாகியும் நிஷிமோரியும் 1998-இல் ஜப்பானில் முன்வைத்தது. 2011-இல் 128 க்யூபிட், 2013-இல் கூகுளும் நாசாவும் வாங்கியதில் 512. எண்கள் வேகமாக ஏறின, விளம்பரம் அதைவிட வேகமாக. 2014-இல் ‘சயின்ஸ்’ இதழில் மத்தியாஸ் ட்ராயர் குழு கவனமாக அளந்து பார்த்து, குவாண்டம் வேக அனுகூலத்துக்குத் தங்கள் சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதியது. இந்த இயந்திரங்களைப் பற்றி எழுத இன்னும் நிறைய உண்டு, ஆனால் நம் கதை வேறு பக்கம் போகிறது.

வட்டத்தில் நூறு பேர்

2014 நவம்பரில் ஃபார்ஹி, கோல்ட்ஸ்டோன், குட்மன் மூவரும் இரண்டாவது உத்தியை வெளியிட்டார்கள். பெயர் நீளம்: குவாண்டம் அப்ராக்ஸிமேட் ஆப்டிமைசேஷன் அல்காரிதம். சுருக்கமாக க்யூஏஓஏ. மிகச் சிறந்த விடையே வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, நல்ல விடை போதும் என்று இறங்கி வந்தார்கள் என்பதை ‘அப்ராக்ஸிமேட்’ என்ற சொல்லிலேயே பார்க்கலாம்.

செய்முறையில் இரண்டே அசைவுகள். எல்லா விடைகளும் சமமாகக் கலந்த நிலையில் தொடங்கி, முதல் அசைவில் ஒவ்வொரு விடைக்கும் அதன் மதிப்பெண்ணுக்கு ஏற்ற ஒரு கோணத் திருப்பத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது அசைவு விடைகளை ஒன்றோடொன்று கலக்கும். கலக்கும்போது அலைகள் மோதிக்கொள்வதுபோல் சில விடைகள் வலுக்கும், சில அடங்கும். இந்த ஜோடி அசைவுகளை ஒரு முறை செய்தால் ஆழம் 1, பத்து முறை செய்தால் ஆழம் 10. ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு திருப்புவது, எவ்வளவு கலக்குவது என்ற இரண்டு எண்களைச் சாதாரணக் கணினி மாற்றி மாற்றிச் சரிசெய்து கொடுக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்களுடைய கட்டுரையிலேயே வரும் மிக எளிய உதாரணத்தில் பார்க்கலாம். 100 பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சிவப்பு அல்லது நீலத் தொப்பி. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இருவர் வேறு வேறு நிறமானால் ஒரு மதிப்பெண். மொத்தம் 100 ஜோடிகள். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் நூற்றுக்கு நூறு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். காசு சுண்டிக் கொடுத்தால் சராசரி 50. க்யூஏஓஏ ஆழம் 1-இல் எடுக்கும் சராசரி 75. ஆழம் 4-இல் 90. ஆழம் 9-இல் 95.

பிள்ளை எடுக்கும் நூறை இதனால் ஏன் எடுக்க முடியவில்லை? ஆழம் 1-இல் ஒவ்வொரு க்யூபிட்டையும் அதன் உடனடி அண்டை மட்டும்தான் பாதிக்கும். ஆழம் 4 என்றால் நான்கு இடம் தள்ளி இருப்பவர் வரை. நல்ல விடைகள் இரண்டு இருக்கின்றன: முதல் ஆள் சிவப்பு என்று தொடங்குவது, நீலம் என்று தொடங்குவது. இரண்டும் சமம். தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியாமல் அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், வட்டத்தின் ஒரு பகுதி ஒரு விடையிலும் இன்னொரு பகுதி மற்ற விடையிலும் நிலைகொள்ளும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மதிப்பெண் போய்விடும். ஆழம் 50-ஐ எட்டும்போதுதான் ஒவ்வொருவருக்கும் முழு வட்டமும் தெரிகிறது, நூறும் கிடைக்கிறது. அக்கம்பக்கம் மட்டுமே தெரியும் என்ற இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், க்யூஏஓஏ-வின் பெருமையும் சிறுமையும் இதிலிருந்துதான் வருகின்றன.

வட்டத்தை விட்டுவிட்டுப் பொதுவான வலைப்பின்னலுக்குப் போனால் இதே கணக்கு ‘மேக்ஸ்-கட்’ ஆகிவிடும்: புள்ளிகளை இரு கட்சியாகப் பிரித்து, கட்சி மாறிப் போகும் கோடுகளை முடிந்தவரை அதிகமாக்கு. கடினமான கணக்குகள் என்று ரிச்சர்ட் கார்ப் 1972-இல் கொடுத்த புகழ்பெற்ற 21-இல் இதுவும் ஒன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று கோடுகள் உள்ள வலைகளில், ஆழம் 1 க்யூஏஓஏ மிகச் சிறந்த விடையில் குறைந்தது 0.6924 பங்கை எடுத்துவிடும் என்று மூவரும் நிரூபித்தார்கள். கோமன்ஸும் வில்லியம்சனும் 1995-இல் வெளியிட்ட சாதாரண அல்காரிதம் எந்த வலையாக இருந்தாலும் 0.878 பங்குக்கு உத்தரவாதம் தருகிறது. மூன்று-கோடு வலைகளுக்கென்றே செய்த முறை 0.9326.

பிறந்த அன்றே இருபது வயது மூத்த முறையிடம் தோற்றுப்போன அல்காரிதத்தை ஏன் இத்தனை பேர் கொண்டாடினார்கள்? அன்றைக்கு இருந்த, இன்றைக்கும் இருக்கும், பிழை மலிந்த சிறிய குவாண்டம் இயந்திரங்களில் ஓட்டிப் பார்க்கக்கூடிய அளவுக்கு இது சின்னது. ஆழத்தைக் கூட்டக் கூட்ட விடை மேம்படும், ஆழம் எல்லையில்லாமல் போனால் மிகச் சிறந்த விடைக்கே போய்ச் சேரும் என்ற உறுதியும் இருக்கிறது. போதாததற்கு, ஆழம் 1-இல்கூட இது தரும் விடைகளின் பரவலைச் சாதாரணக் கணினியால் திறம்படப் போலச்செய்ய முடியாது என்று நம்பப் பலமான காரணம் இருப்பதை 2016-இல் ஃபார்ஹியும் ஆரம் ஹாரோவும் காட்டினார்கள். போலச்செய்ய முடியாத ஒன்று பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த வித்தியாசத்தைச் செய்திகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

ஐந்து மாத முன்னிலை

2014 டிசம்பரில் வந்தது அடுத்த கட்டுரை. இந்தத் துறையில் இதைவிடச் சுவையான சம்பவம் எனக்குத் தெரியாது.

கணக்கு இது. மூன்று மூன்று பிட்டுகளைக் கூட்டினால் ஒற்றைப்படை வரவேண்டும் அல்லது இரட்டைப்படை வரவேண்டும் என்று நிறையச் சமன்பாடுகள். எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது, முடிந்தவரை அதிகம் நிறைவேற்ற வேண்டும். காசு சுண்டினால் பாதி நிறைவேறும். பொதுவாகப் பார்த்தால், பாதியைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலே போவதே கடினம் என்று கணினிக் கோட்பாட்டாளர் ஹோஸ்டாட் ஏற்கெனவே நிரூபித்திருந்தார். ஆனால் எந்த பிட்டும் D சமன்பாடுகளுக்கு மேல் வராது என்று கட்டுப்படுத்தினால், பாதிக்கு மேல் ஒரு சிறு கூடுதல் கிடைக்கும். 2000-இல் அவரே தந்த முறையில் அந்தக் கூடுதல் 1/D அளவு. D 10,000 என்றால், மாறிலிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பத்தாயிரத்தில் ஒன்று.

ஃபார்ஹி குழுவின் ஆழம் 1 க்யூஏஓஏ கொடுத்த கூடுதல் ஆயிரத்தில் ஒன்று. அதாவது, மிக எளிய வடிவத்திலேயே குவாண்டம் அல்காரிதம், அதுவரை தெரிந்த சிறந்த சாதாரண அல்காரிதத்தைத் தாண்டிவிட்டது. கணினிக் கோட்பாட்டாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

2015 மே மாதத்துக்குள் பதில் வந்துவிட்டது. போவாஸ் பராக், லூகா ட்ரெவிசான், ரயன் ஓடனல் எனப் பத்துப் பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை. அந்தப் பத்தில் பிரசாத் ராகவேந்திரா, அரவிந்தன் விஜயராகவன் இருவரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். அவர்கள் தந்த சாதாரண அல்காரிதத்தின் கூடுதல் நூறில் ஒன்று. அதைவிடப் பெரிய அளவில் யாராலும் திறம்படச் செய்ய முடியாது என்பதும் ஏற்கெனவே தெரிந்த விஷயம் (கணினித் துறையினர் பொதுவாக நம்பும் ஓர் ஊகம் சரியென்றால்). ஃபார்ஹி குழு தங்கள் கட்டுரையைத் திருத்தி, க்யூஏஓஏ-வும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரும், ஒரு மடக்கைக் காரணி மட்டும் குறையும் என்று காட்டியது. அந்தச் சிறு குறையோடு குவாண்டம் பின்தங்கியது.

இதைக் குவாண்டத்தின் தோல்வி என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினைந்து வருடமாக அசையாமல் கிடந்த ஒரு கணக்கு, குவாண்டம் ஆட்கள் வந்து சீண்டியதும் ஐந்தே மாதத்தில் நகர்ந்தது. தலைப்பில் கேட்ட கேள்விக்கும் இதுவே பதில். குவாண்டம் கணினி ஜெயிக்க வேண்டியது எண்ணிப் பார்க்கும் சாதாரணக் கணினியை அல்ல. நாளைக்கு யாரோ பத்துப் பேர் எழுதப்போகும் அல்காரிதத்தையும் சேர்த்து ஜெயிக்க வேண்டும்.

அதன் பிறகு ஃபார்ஹி மறுபடியும் தன் சொந்த அல்காரிதத்தின் எல்லையை அளக்கப் போனார். 2020-இல் டேவிட் கமர்னிக், குட்மன் இருவரோடும் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘முழு வலையையும் பார்த்தாக வேண்டும்’ என்ற பொருளில் இருந்தது. வட்டத்தில் பார்த்த அதே குறைதான். ஏதேச்சையாக அமைந்த பெரிய வலைகளில், ஒன்றோடொன்று இணையாத புள்ளிகளின் மிகப் பெரிய கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கை எடுத்தார்கள். அந்தக் கணக்கில், சிறந்த விடைக்கு நெருங்கிய இரண்டு விடைகள் ஒன்று மிக ஒத்திருக்கும், இல்லாவிட்டால் ரொம்பவே வேறுபட்டிருக்கும். நடுத்தரமாக ஒத்துப்போகும் ஜோடியே கிடையாது. அக்கம்பக்கத்தை மட்டும் பார்க்கும் அல்காரிதத்தால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. புள்ளிகளின் எண்ணிக்கையின் மடக்கையோடு ஒப்பிடும் அளவுக்கு ஆழம் போகாதவரை, சிறந்த விடையில் 0.854 பங்கைத் தாண்ட வழியில்லை. சில சுற்றுகளிலேயே அதிசயம் நடந்துவிடும் என்று முதலீட்டாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல செய்தியாக இருந்திருக்காது.

இயந்திரத்தில் ஏற்றினால்

காகிதத்தில் நடப்பது ஒன்று. 2021-இல் கூகுள் தன் சிக்கமோர் சிப்பில் க்யூஏஓஏ-வை ஓட்டிய முடிவுகள் வெளிவந்தன. சிப்பில் க்யூபிட்டுகள் இணைந்திருக்கும் அமைப்பும் கணக்கின் வலையும் ஒத்துப்போனபோது, 23 க்யூபிட் வரை விடையின் தரம் குறையவில்லை, ஆழம் 3 வரை மேம்படவும் செய்தது. ஒத்துப்போகாத வலைகளுக்குத் தகவலை அங்கிருந்து இங்கே நகர்த்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதல் செயல்கள், ஒவ்வொரு செயலிலும் கொஞ்சம் பிழை. கணக்கு பெரிதாகப் பெரிதாகத் தரம் விழுந்தது. நிஜ உலகின் வேன் கணக்குகள் சிப்பின் அமைப்புக்கு ஏற்றபடி வந்து வாய்க்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2022-இல் ஹார்வர்ட் குழு 289 ருபிடியம் அணுக்களை லேசரால் பிடித்து நிறுத்தி, மேலே சொன்ன ‘இணையாத புள்ளிகள்’ கணக்கைத் தீர்த்தது. பார்க்க அழகான பரிசோதனை. அந்த வகை வலைகளை, ஆயிரக்கணக்கான புள்ளிகளோடு இருந்தாலும், சாதாரணக் கணினி நிமிடங்களில் தீர்க்கும் என்று அடுத்த ஆண்டு வேறொரு குழு எழுதியது. 2015-இல் பார்த்த அதே நாடகம்தான்.

பிழைதிருத்தம் உள்ள பெரிய இயந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேயும் ஒரு சிக்கல். பிழையைத் திருத்திக்கொண்டே ஓடுவதற்கு ஒவ்வொரு படிக்கும் பிடிக்கும் நேரம் சாதாரணச் சிப்பைவிடப் பல மடங்கு. க்ரோவர் தரும் வர்க்கமூல லாபத்தை இந்தக் கூடுதல் செலவே விழுங்கிவிடும், அதைவிடப் பெரிய லாபத்தைத் தேடுங்கள் என்று கூகுளின் ரயன் பாபுஷ் குழு 2021-இல் வெளிப்படையாகவே எழுதியது.

அப்படி ஏதாவது தென்படுகிறதா என்றால், இரண்டைச் சொல்லலாம். 2024-இல் ஜேபிமார்கன் வங்கியின் ரஸ்லன் ஷைதுலின் குழு, ரேடார் சமிக்ஞைகளில் பயன்படும் ஒரு +1, −1 வரிசைக் கணக்கை எடுத்தது. N நீள வரிசைக்குச் சிறந்த சாதாரண முறை 1.34-இன் N அடுக்கு வேகத்தில் வளர்கிறது. க்யூஏஓஏ-வோடு க்ரோவர் வகைத் தேடலையும் சேர்த்தால் 1.21-இன் N அடுக்கு. பார்க்கச் சின்ன வித்தியாசம். N 100 ஆனால், மாறிலிகளை ஒதுக்கினால், ஒரு பக்கம் 5 லட்சம் கோடி, மறுபக்கம் 19 கோடி. இந்த வேகங்கள் 40 வரையிலான நீளங்களில் போலச்செய்து பார்த்துக் கணித்தவை. 2001-இல் 20 பிட்டில் நேராகப் போன கோட்டை நினைவு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துத்தான் கைதட்டுவார்கள்.

இரண்டாவது ஃபார்ஹியின் பள்ளியில் இருந்தே வந்தது, ஆனால் அவர் வழியை விட்டு விலகி. எம்ஐடியில் அவரிடம் முனைவர் பட்டம் செய்து, பிறகு கூகுளுக்குப் போன ஸ்டீபன் ஜோர்டன், மேரி வூட்டர்ஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2024-இல் ஒரு முறையை முன்வைத்தார்; 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஆற்றல், குறைந்த நிலை என்ற பேச்சே அதில் இல்லை. குவாண்டம் ஃபூரியே மாற்றம் என்ற கணிதக் கருவியைப் பயன்படுத்தி, ஆப்டிமைசேஷன் கணக்கை ஒரு பிழைதிருத்தக் குறியீட்டை அவிழ்க்கும் கணக்காக மாற்றிவிடுகிறது. கீறல் விழுந்த சிடியில் இருந்து பாட்டை மீட்க உதவும் அதே ரீட்-சாலமன் குறியீடு. பல்லுறுப்புக்கோவை ஒன்றைக் கொடுத்த புள்ளிகளில் முடிந்தவரை அதிகமானவற்றோடு பொருத்தும் ஒரு கணக்கில், இதுவரை தெரிந்த வேகமான சாதாரண முறைகள் எதுவும் இதன் அருகில் வரவில்லை. அடுத்த பத்துப் பேர் வரும்வரை என்று சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபார்ஹியின் பக்கம் திரும்பினால், 2025-இல் குட்மன், டேனியல் ரனார்ட், பெஞ்சமின் வில்லலோங்கா ஆகியோரோடு அவர் வெளியிட்ட கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. அதில் எந்த இயந்திரமும் ஓடவில்லை. மூன்று-கோடு வலைகளில், எந்தப் புள்ளியில் கிளம்பினாலும் 16 கோடுகளாவது நடக்காமல் சுற்றி வர முடியாது என்ற நிபந்தனை உள்ளவற்றை எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வலையில் ஆழம் 7 க்யூஏஓஏ-வின் பார்வைக்குள் சுற்றுகளே வராது. எந்தக் கோட்டில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி கிளைவிடும் மரம்தான் தெரியும். ஆகவே ஒரே ஒரு கோட்டுக்குக் கணக்குப் போட்டால் போதும், வலை எவ்வளவு பெரிதானாலும் சராசரி மதிப்பெண் தெரிந்துவிடும். அதைச் சாதாரணக் கணினியிலேயே போடலாம். சராசரி இவ்வளவு என்றால், அந்த அளவுக்காவது ஒரு பிரிவினை அந்த வலையில் இருந்தே ஆக வேண்டும்.

அப்படிக் கிடைத்த எண், கணிதவியலாளர்கள் அதுவரை நிரூபித்து வைத்திருந்த கீழ்வரம்பைத் தாண்டியது. அக்கம்பக்கத்துக்கு மேல் பார்க்க முடியாது என்ற குறையே இங்கே நிரூபணமாக மாறிவிட்டது. பிரிவினை இருக்கிறது என்றுதான் கட்டுரை சொல்கிறது, எது என்று சொல்லவில்லை. அதை எடுத்துக் கொடுக்க நிஜமாகவே க்யூஏஓஏ-வை ஓட்ட வேண்டுமென்றால், இந்த நிபந்தனைக்கு உட்பட்ட வலையில் குறைந்தது 510 புள்ளிகளும் 765 கோடுகளும் இருக்கும். ஏழு சுற்றுக்கு 5,355 இரு-க்யூபிட் செயல்கள். ஆயிரத்துக்கு ஒரு பிழை என்ற வீதத்தில் ஓடும் நல்ல இயந்திரத்தில்கூட, விடை வருவதற்குள் ஐந்து பிழை விழுந்திருக்கும்.